முன்பின் தெரியாதவருக்கு யார் கொடுக்கிறார்? ரிக்ரெஷன் அட்டவணையை வாசிக்க ஒரு வழிகாட்டி

ரிக்ரெஷன் என்பது ஓர் அளவு பல காரணிகளோடு எப்படிச் சேர்ந்து மாறுகிறது என்று ஒரே நேரத்தில் பார்க்கும் கணக்கு. அதன் அட்டவணை கைக்கு வந்ததும் கண் நேராக நட்சத்திரக் குறிகளுக்குத்தான் போகும். மூன்று நட்சத்திரம் இருந்தால் பெரிய காரணம், ஒன்று இருந்தால் ஓரளவு காரணம், ஒன்றும் இல்லாவிட்டால் சம்பந்தமே இல்லை என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் சமூகப்பணியோ பொருளாதாரமோ படித்துக்கொண்டு ப்ராஜெக்ட் எழுதுகிறவர்களுக்கும், தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் இப்படி ஓர் அறிக்கையை வாங்கி முழிக்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. கணக்கு அதிகம் தேவைப்படாது. ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வலியுறுத்தப் போகிறேன்: ஒவ்வொரு எண்ணையும் "யார், யாரைவிட, எவ்வளவு ரூபாய்" என்று முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். வாக்கியமாக எழுத வராத எண் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

பழகுவதற்கு ஓர் அட்டவணை வேண்டும். கீழே உள்ளவை இந்தக் கட்டுரைக்காக நானே போட்ட எண்கள், எந்த ஆய்வின் முடிவும் அல்ல. டெல்டாவில் 20 ஊர்களில் 400 குடும்பங்களைப் பார்த்து, "போன மாதம் முன்பின் தெரியாதவர்களுக்குப் பணமாக எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டதாக வைத்துக்கொள்வோம். கெழு என்பது அந்த மாறி ஓர் அலகு கூடும்போது கொடை சராசரியாக எத்தனை ரூபாய் மாறுகிறது என்பது. திட்டப்பிழை அந்த எண் எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு. மாறிலி மற்ற மாறிகள் எல்லாம் பூஜ்யமானால் வரும் தொகை. ஆர் ஸ்கொயர் கொடையின் ஏற்றத்தாழ்வில் எவ்வளவு பங்கை இந்த மாறிகள் விளக்குகின்றன என்பது.

மாறிலி: கெழு 42, திட்டப்பிழை 30
மாத வருமானம் (ஆயிரம் ரூபாயில்): கெழு 3.1, திட்டப்பிழை 0.8 \*\*\*
வயது (ஆண்டில்): கெழு 0.4, திட்டப்பிழை 0.5
பதில் சொன்னவர் பெண் (ஆம் = 1): கெழு −18, திட்டப்பிழை 16
நகரம் (ஆம் = 1): கெழு −30, திட்டப்பிழை 15 \*
கஜா புயலில் வீடோ தோப்போ சேதம் (ஆம் = 1): கெழு 55, திட்டப்பிழை 22 \*
ஆர் ஸ்கொயர் 0.09

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு: அங்கே 'பி' (B) என்ற நிரல்தான் கெழு, 'சிக்' (Sig.) என்ற நிரல் பி மதிப்பு (p), அதாவது உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு பெரிய கெழு வரும் வாய்ப்பு. இது சிறியதாக இருந்தால்தான் நட்சத்திரம் போடுகிறார்கள். பெயர் குழப்பும், ஜாக்கிரதை. 'சிக்' நிரலில் 0.000 என்று வந்தால் அது பூஜ்யம் இல்லை, 0.0005-க்கும் குறைவு என்பதால் மூன்று இலக்கத்தில் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். அறிக்கையில் "0.001-க்கும் குறைவு" என்று எழுதுங்கள்.

முதல் படி: கேள்வித்தாளை வாங்குங்கள்

அட்டவணையைக் கொடுத்தவரிடம் கேள்வித்தாளையும் கேட்டு வாங்குங்கள். எதை விளக்கப் பார்க்கிறார்களோ அதுதான் சார்ந்த மாறி. அதை எப்படி அளந்தார்கள் என்று தெரியாமல் மற்ற வரிகளைப் படித்துப் பயனில்லை. நம் பக்கம் இது இன்னும் சிக்கல். இங்கே கொடுப்பதில் வகை அதிகம்.

பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கறிச்சோறு போடுவார்கள். வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் பணம் வைப்பார். மேசையில் உட்கார்ந்திருப்பவர் பெயர், ஊர், தொகை மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். வாங்கியவர் பிறகு அவர் வைக்கும் விருந்துக்குப் போய் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும், பெரும்பாலும் கொஞ்சம் கூட்டி. அதிகம் பழக்கமில்லாத வெளியூர்க்காரருக்கும் மொய் போகும். ஆனால் அது தர்மம் இல்லை, கொடுக்கல் வாங்கல். கேள்வியில் "மொய் நீங்கலாக" என்று இல்லாவிட்டால், விருந்து சீசனில் பெரிய பெரிய தொகைகள் சிலருடைய பதிலில் வந்து உட்கார்ந்துவிடும். மற்றவர்கள் ஐம்பது, நூறு என்று சொல்லும் இடத்தில் நாலைந்து பேர் பத்தாயிரம், இருபதாயிரம் என்று சொன்னால் போதும், கெழுக்கள் எல்லாம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். அந்த நாலைந்து பேரை நீக்கிவிட்டு ரிக்ரெஷனை மறுபடி ஓட்டினால் முடிவு என்ன ஆகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடியேறி, செப்டம்பர் 8-இல் பெருவிழா. அந்த நாட்களில் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்குச் சாலையோரத்தில் தண்ணீர், மோர், சோறு என்று கொடுக்கிறார்கள். கொடுப்பவருக்கு வாங்குகிறவரின் பெயர்கூடத் தெரியாது. முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஆனால் நம் கேள்வி "பணமாக" என்று கேட்கிறது. மோருக்குக் கணக்கில் இடமில்லை. சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் போன்ற இடங்களில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட மரபுள்ள ஊர்கள் இவை. இங்கே சோற்றை விட்டுவிட்டுக் காசை மட்டும் அளப்பது பாதிக் கணக்குத்தான்.

அப்புறம், "போன மாதம்" என்றால் எந்த மாதம்? சம்பா அறுத்துக் கையில் காசு புழங்கும் தை, மாசியில் கேட்டால் ஒரு பதில் வரும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் என்று எதிர்பார்த்து உழவு, விதை, உரம் என்று கடன் வாங்கும் நேரத்தில் கேட்டால் வேறு பதில் வரும். ரமலான் மாதத்தில் நாகூரிலோ கூத்தாநல்லூரிலோ கேட்டால் ஜகாத்தும் சேர்ந்து வரும். எல்லா ஊரிலும் ஒரே மாதத்தில் கேட்டார்களா என்று பாருங்கள். கும்பகோணத்தில் மாசியிலும் நாகப்பட்டினத்தில் ஆனியிலும் கேட்டிருந்தால், ஊர் வித்தியாசம் என்று நீங்கள் எழுதப்போவது மாத வித்தியாசமாக இருக்கும்.

வெளி ஆய்வுகளோடு ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை. பிரிட்டனின் சாரிட்டீஸ் எய்ட் ஃபவுண்டேஷன் 2010 முதல் வெளியிட்ட உலகக் கொடைக் குறியீடு மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டது: போன மாதம் தொண்டு அமைப்புக்குப் பணம் கொடுத்தீர்களா, ஓர் அமைப்புக்காக உழைப்பு கொடுத்தீர்களா, உதவி தேவைப்பட்ட முன்பின் தெரியாதவருக்கு உதவினீர்களா. மூன்றாவதில் பணம் என்ற பேச்சே இல்லை. ஆய்வுக்கூடத்தில் நடக்கும் 'டிக்டேட்டர் கேம்' இன்னொரு வகை: ஒருவர் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவருக்கு அதில் எவ்வளவு தருகிறாய் என்று பார்ப்பது. கிறிஸ்டோஃப் எங்கெல் 2011-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்தபோது சராசரியாக 28% கொடுத்திருந்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல் ஒன்றுமே கொடுக்கவில்லை. ஆனால் ஜான் லிஸ்ட் 2007-இல் காட்டியபடி, "எதிராளியின் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்" என்ற வாய்ப்பைச் சேர்த்தால் கொடுப்பது வெகுவாகக் குறைகிறது. விளையாட்டு விதியை மாற்றினாலே இப்படி ஆட்டம் காணும் அளவை நம் ஊர்க் கொடையோடு நேரடியாக வைத்துப் பார்க்க முடியாது.

இரண்டாம் படி: கெழுவை ரூபாயாக்குங்கள்

வருமானம் வரியில் 3.1. வருமானம் ஆயிரத்தில் இருக்கிறது, கொடை ரூபாயில் இருக்கிறது. ஆகவே வாக்கியம் இது: வயது, ஊர், மற்றதெல்லாம் ஒன்றாக உள்ள இரண்டு குடும்பங்களில், மாதம் 10,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கும் குடும்பம் சராசரியாக 31 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறது. 'சொல்லியிருக்கிறது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வீடு தேடி வந்து நோட்டும் பேனாவுமாக உட்காரும் பெண்ணிடம் "ஒன்றும் கொடுக்கவில்லைம்மா" என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

மூன்று நட்சத்திரம், ஆனால் 31 ரூபாய். ஒரு சாப்பாட்டுக்குக்கூடப் போதாது. நட்சத்திரம் சொல்வது இது பூஜ்யம் அல்ல என்பதை. பெரியதா சிறியதா என்பதை ரூபாய்தான் சொல்லும்.

இனி ஒரு வேடிக்கை பாருங்கள். கஜா சேதமில்லாத, கிராமத்து, 40 வயது ஆண் பதில் சொன்ன குடும்பத்துக்கு வயதின் பங்கு 16 ரூபாய், மாறிலி 42, மொத்தம் 58. மாத வருமானம் 15,000 என்றால் 58 + 46.5 = சுமார் 105 ரூபாய். வருமானம் 60,000 என்றால் 58 + 186 = 244 ரூபாய். பணக்காரர் அதிகம் கொடுக்கிறார், சரி. ஆனால் 105 என்பது 15,000-இல் 0.7%, 244 என்பது 60,000-இல் 0.4%. வருமானத்தின் பங்காகப் பார்த்தால் ஏழைதான் அதிகம் கொடுக்கிறார்! ஒரே அட்டவணையை வைத்து இரண்டு தலைப்புச் செய்தி எழுதலாம். எது சரி என்று கேட்டால், இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். அதிலும் இரண்டாவது செய்தி முழுக்க மாறிலியின் மேல் நிற்கிறது. அந்த மாறிலியின் திட்டப்பிழை 30. நானாக இருந்தால் அதைத் தலைப்பில் போட மாட்டேன்.

மாறிலியைத் தனியாக விளக்க முயலாதீர்கள். வருமானம் பூஜ்யம், வயது பூஜ்யம் உள்ள குடும்பத்தலைவரின் கொடை 42 ரூபாய் என்பதுதான் அதன் நேரடிப் பொருள். அப்படி ஒருவர் எந்தத் தெருவிலும் இல்லை.

நகரம் வரியில் −30. "நகரத்தில் இருப்பவர்கள் கஞ்சர்கள்" என்று எழுதத் துடிக்கும் இடம் இது. இந்த எண் நகரத்து ஆளையும் கிராமத்து ஆளையும் அப்படியே ஒப்பிடவில்லை. ஒரே வருமானமுள்ள இருவரை ஒப்பிடுகிறது. நகரக் குடும்பங்களின் வருமானம் சராசரியாகப் பத்தாயிரம் கூடுதல் என்று வைத்தால், அதனால் 31 கூடும், நகரம் என்பதால் 30 குறையும். மற்றவை சமமாக இருந்தால் நேரடிச் சராசரியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வெறும் சராசரி அட்டவணையையும் கூடவே கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாம் படி: இடைவெளியைப் போடுங்கள்

திட்டப்பிழையை இரண்டால் பெருக்கி, கெழுவோடு ஒரு தடவை கூட்டுங்கள், ஒரு தடவை கழியுங்கள். 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது இந்தத் தரவோடு ஒத்துப்போகும் எண்களின் வீச்சு, தோராயமாகக் கிடைத்துவிடும். கஜா: 55-க்கு இந்தப் பக்கம் 44, அந்தப் பக்கம் 44, அதாவது 11 முதல் 99 வரை. பத்து ரூபாய்ச் சங்கதியாகவும் இருக்கலாம், நூறு ரூபாய்ச் சங்கதியாகவும் இருக்கலாம். நகரம்: −60 முதல் 0 வரை. நூலிழையில் கிடைத்த நட்சத்திரம். பெண்: −50 முதல் 14 வரை.

பெண் வரிக்கு நட்சத்திரம் இல்லை. "கொடையில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை" என்று எழுதலாமா? கூடாது. 50 ரூபாய் குறைவு என்பதையும் இந்தத் தரவு மறுக்கவில்லை, 14 ரூபாய் கூடுதல் என்பதையும் மறுக்கவில்லை. தெரியவில்லை என்பது ஒன்று, இல்லை என்பது இன்னொன்று. நகரத்துக்கு நட்சத்திரம் உண்டு, பெண்ணுக்கு இல்லை என்பதால் நகரத்தின் பங்கு பெரியது என்றும் சொல்ல முடியாது. −30, −18 இரண்டின் இடைவெளிகளும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன.

இதைவிட முக்கியமானது முதல் படியில் பார்த்தது. வாசலில் வந்து நிற்கிறவருக்குச் சோறோ அரிசியோ பழைய சேலையோ எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். பஸ் ஸ்டாண்டில் சில்லறை போடுவது வெளியே போய் வருகிற ஆண்கள். பணத்தை மட்டும் கேட்ட கேள்வி ஆண்கள் கொடுக்கும் வழியை எண்ணிவிட்டு, பெண்கள் கொடுக்கும் வழியை விட்டுவிட்டது. இந்த −18-ஐ வைத்துப் பெண்களின் மனசைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

நான்காம் படி: பூஜ்யங்களை எண்ணுங்கள்

கொடைத் தரவில் எப்போதும் பூஜ்யம் அதிகம். நம் 400 பேரில் 240 பேர் ஒன்றும் கொடுக்கவில்லை என்று வைப்போம். அப்படியானால் 55 ரூபாய் கூடுதல் என்பதற்கு இரண்டு வழி உண்டு: கஜாவில் அடிபட்டவர்களில் அதிகம் பேர் கொடுத்திருக்கலாம், அல்லது கொடுத்தவர்கள் பெரிய தொகையாகக் கொடுத்திருக்கலாம். நிதி திரட்டுகிறவருக்கு இந்த இரண்டும் வேறு வேறு வேலை. அதனால் கொடுத்தாரா என்பதற்கு ஒன்று, கொடுத்தவர்களில் எவ்வளவு என்பதற்கு ஒன்று என்று இரண்டு பகுதியாகப் பிரித்த முடிவு இருந்தால் அதை முதலில் படியுங்கள். ஜேம்ஸ் டோபினின் 1958 கட்டுரையிலிருந்து வந்த 'டோபிட்' முறையும் இந்தப் பூஜ்யங்களுக்காகவே பயன்படுகிறது. ஆனால் கொடுக்க வைக்கும் காரணமும் கூட்டிக் கொடுக்க வைக்கும் காரணமும் ஒரே திசையில் போகும் என்று அது எடுத்துக்கொள்கிறது. எப்போதாவது பெருந்தொகை, மற்ற நேரம் ஒன்றுமில்லை என்று கொடுக்கிறவர்களுக்கு அது பொருந்தாது.

கொடுத்தாரா இல்லையா என்பதற்கு லாஜிட் (ஆம்/இல்லை பதிலுக்கான ரிக்ரெஷன்) போட்டு, கஜா வரிக்கு ஆட்ஸ் (கொடுப்பவர்களுக்கு எதிராகக் கொடுக்காதவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு) விகிதம் 2 என்று வந்தால், "இரண்டு மடங்கு பேர் கொடுக்கிறார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். சேதமில்லாதவர்களில் 100-க்கு 40 பேர் கொடுக்கிறார்கள் என்றால் ஆட்ஸ் 40-க்கு 60. அதை இரட்டிப்பாக்கினால் 80-க்கு 60, அதாவது 100-க்கு 57 பேர். நாற்பது எண்பதாகவில்லை, ஐம்பத்தேழானது.

தொகைக்கு லாக் (மடக்கை) எடுத்திருந்தால் கெழுவைச் சதவீதமாகப் படிக்கலாம். 0.05 என்றால் சுமார் 5%. பெரிய கெழுவுக்கு இது ஓடாது: 0.25 என்றால் 28%, 0.7 என்றால் இரட்டிப்பு. பூஜ்யத்துக்கு லாக் கிடையாது என்பதால் எல்லாத் தொகையோடும் ஒன்றைக் கூட்டி லாக் எடுப்பது பலருடைய வழக்கம். இந்தத் தந்திரத்தைக் கண்டால் உஷாராகுங்கள். பூஜ்யங்கள் அதிகமுள்ள தரவில் அதே தொகையை ரூபாய்க்குப் பதில் பைசாவில் எழுதினாலே கெழு மாறிவிடும். அளவை மாற்றினால் மாறுகிற எண்ணைச் சதவீதம் என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: காரணம் என்று சொல்வதற்கு முன்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் லாரி லாரியாகப் பொருள் கொண்டுவந்து இறக்கினார்கள். அதை வாங்கியவர்கள் இன்று அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள் என்பது நம்பத் தோன்றும் கதை. 55 என்ற எண்ணும் அதற்கு ஒத்துவருகிறது. எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைதான். அதனாலேயே இந்த வரியை மற்றதைவிடக் கடுமையாகச் சோதிக்க வேண்டும்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. யார் தாராளம், யார் கஞ்சம் என்று பார்த்துப் புயல் அடிக்கவில்லை. "கோயிலுக்கு அடிக்கடி போகிறவர் அதிகம் கொடுக்கிறார்" என்பது போன்ற முடிவைவிட இது ஒரு படி மேல். அங்கே இரண்டுமே ஒரே குணத்திலிருந்து வந்திருக்கலாம்.

ஆனாலும் மூன்று ஓட்டை தெரிகிறது. சேதம் 1 என்று இருப்பவர்கள் பெரும்பாலும் தெற்கே தென்னைப் பகுதியில் இருப்பார்கள். 0 என்று இருப்பவர்கள் கும்பகோணம், திருவையாறு போன்ற பழைய நெல் பூமியில். தெற்கே மொய்ப் பழக்கமும் உண்டு. ஆகவே இந்த 55 புயலுடையதா, ஊருடையதா? ஒரே ஊருக்குள் சேதமானவரையும் ஆகாதவரையும் ஒப்பிட்டால்தான் தெரியும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மாறி சேர்த்து ஓட்டிய முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் 55 என்பது 15 ஆகிவிட்டால் கதை பெரும்பாலும் ஊருடையது.

அடுத்தது வருமானம். தோப்பு போனவருக்கு வருமானமே கஜாவால் குறைந்திருக்கும். இன்றைய வருமானத்தைச் சமமாக வைத்து ஒப்பிடும்போது, தோப்பை இழந்து 20,000 சம்பாதிப்பவரையும், எப்போதுமே 20,000 சம்பாதித்தவரையும் ஜோடி சேர்க்கிறோம். முன்னவர் பழைய வசதிக்காலப் பழக்கத்தில் கொடுத்துக்கொண்டிருக்கலாம். வருமானத்தை எடுத்துவிட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதுதான் நேர்மை. மூன்றாவது, எல்லாம் போய்த் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போனவர்கள் இந்த 400-இல் இல்லை. தாக்குப்பிடித்து நின்றவர்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறோம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர் ஸ்கொயர் 0.09 என்பதைப் பார்த்து யாராவது சிரித்தால் கண்டுகொள்ளாதீர்கள். மனிதர்கள் கொடுப்பதை ஐந்து மாறிகளால் இதற்கு மேல் விளக்கிவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். 400 குடும்பங்களும் 20 ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி கொடுப்பார்கள் என்பதால், ஊர்வாரியாகத் திருத்திய திட்டப்பிழையா என்று கேளுங்கள். திருத்தினால் பெரும்பாலும் பிழை கூடும், நகரத்தின் நட்சத்திரம் முதல் ஆளாக உதிரும். இருபது மாறிகளைப் போட்டு ஒன்றுக்கு மட்டும் நட்சத்திரம் கிடைத்ததைக் கொண்டாடாதீர்கள்: எதற்குமே தொடர்பு இல்லாத, ஒன்றையொன்று சாராத இருபது மாறிகளில் ஒன்றாவது 5% எல்லையில் நட்சத்திரம் வாங்கும் வாய்ப்பு 64%.

கடைசிப் படி: எழுதுங்கள்

அறிக்கையில் நான் கஜா வரியை இப்படி எழுதுவேன்: "கஜாவில் வீடோ தோப்போ சேதமானதாகச் சொன்ன குடும்பங்கள், அதே வருமானமும் வயதும் உள்ள மற்றக் குடும்பங்களைவிடப் போன மாதம் சராசரியாக 55 ரூபாய் கூடுதலாக முன்பின் தெரியாதவர்களுக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்கின்றன (சுமார் 11 முதல் 99 ரூபாய் வரை). அதிகம் பேர் கொடுத்ததாலா, கூடுதலாகக் கொடுத்ததாலா என்று இந்த அட்டவணை பிரிக்கவில்லை. சேதமான ஊர்களும் ஆகாத ஊர்களும் வேறு வகையிலும் வேறுபடுவதால் இதைப் புயலின் விளைவு என்று சொல்ல முடியாது. சோறு, அரிசி, துணி கணக்கில் இல்லை." நான்கு வாக்கியம். கைடு "நீளமாக இருக்கிறது, சுருக்கு" என்று சொன்னால் ஆர் ஸ்கொயர் பற்றிய பத்தியை வெட்டுங்கள், இதில் கை வைக்காதீர்கள்.